பதினெட்டாவது எழுத்து

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காக ஒரு மனிதனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். ஐந்தாறு வருடத்தில் அந்த வேலைகள் எல்லாம் தனக்கும் தெரியும் என்று அவன் நம்ப ஆரம்பித்துவிடுவான். இதை நான் ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. அந்த மனிதன் நான்தான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு பட்டறையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டராக இருந்தேன். எனக்கு இரண்டே வேலை. குழாய்க்கு அடித்த பெயின்ட் சரியான கனத்தில் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளப்பது ஒன்று. இரும்பின் மேல் குத்தியிருக்கும் நம்பர், கையில் இருக்கும் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். (திரும்பிப் பார்த்தால் ஃபோர்மேன் என் குடும்பத்தைப் பற்றிச் சொல்வது காதில் விழும்.) இந்த இரண்டாவது வேலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு முக்கியமான நாளில் மறந்துபோனேன்.

எங்களிடம் பதிமூன்று வயதான ஒரு ஜப்பான் கார் இருந்தது. பேருக்குத்தான் என் கார். என்னை விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். காரை வாங்கியதே என் மனைவி சுமதிக்காக. திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு ஏழு வருடம், மகள் பிறந்த பிறகும், வீட்டோடு இருந்தாள். அவள் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிய பக்கத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை யாராவது புரட்டினால் அவள் வேறு எங்கேயோ பார்ப்பாள்.

அந்த வருடம் அவளுக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். ஸ்கூல் பஸ்ஸில் டீச்சர்களுக்கு இடமில்லை, சொந்த வண்டி இருந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆறாவது தடவையில் அவள் லைசென்ஸும் வாங்கிவிட்டாள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர வேண்டும். (அப்போதெல்லாம் அங்கே வாரம் சனிக்கிழமை தொடங்கும். வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை.)

நடுவில் ஒரே ஒரு தடை. காரின் முல்கியா, அதாவது பதிவு அட்டை, காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டி வருடாந்திரப் பரிசோதனையில் தேற வேண்டும். அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பாசிங்'. ஜூலை கடைசியில் கொண்டுபோனோம். சசி என்ற மலையாளிப் பரிசோதகர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெயிலில் மேல் பெயின்ட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்தார், பேட்டரிக்கு அடியில் துரு, இன்ஜின் முழுக்க எண்ணெயும் மண்ணும். பானெட்டை மரியாதையாக மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெயின்ட், துரு, எண்ணெய்க் கசிவு, எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு ஒரு மாதத்துக்குள் வா என்று அர்த்தம்.

முசஃபாவில் தடுக்கி விழுந்தால் கராஜ். என் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கராஜில் ராஜாங்கம் என்ற பெயின்டர் இருந்தார். அறந்தாங்கிக்காரர். டீக்கடையில் பழக்கம். கராஜில் விடுங்கள், நான்கே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். புத்தியுள்ளவன் அங்கேயே சாவியைக் கொடுத்திருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம் ராஜாங்கம், வீட்டுலயே நானே பண்ணிக்கிறேன். பெயின்ட் பத்தி எனக்குத் தெரியாதது இல்ல. நீங்க வெள்ளிக்கிழமை வந்து சும்மா எட்டிப் பாத்தாப் போதும்."

ராஜாங்கம் தேநீரைக் கீழே வைத்தார். "சார், நீங்க இதுவரைக்கும் எதுக்காச்சும் பெயின்ட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆயிரக்கணக்கான குழாய்களின் பெயின்ட்டைப் பரிசோதித்திருக்கிறேன் என்றேன். அவர் தேநீரை மறுபடி எடுத்துக் குடித்தார்.

நாங்கள் குடியிருந்தது பனியாஸ் பக்கம் ஒரு பெரிய வில்லாவைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டதில் ஒரு துண்டு. தெருவில் வைத்துக் கார் வேலை பார்த்தால் முனிசிபாலிட்டிக்காரன் வந்துவிடுவான். ஆகவே காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே, துணி காயப்போடும் இடத்தில் காரை நிறுத்தினேன். சுமதி அன்றிலிருந்து துணியைக் குளியலறையில் காயப்போட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமா?" அதற்கு நான் சிரித்த சிரிப்பு இப்போது நினைத்தாலும் எனக்கே கையோங்கத் தோன்றுகிறது.

முதல் வெள்ளிக்கிழமை உடம்பைத் தேய்த்தேன். காரின் உடம்பைத்தான். ஆகஸ்ட் மாதத்து அபுதாபியில் காலை எட்டு மணிக்கு இரும்பைத் தொட்டால் கை வெந்துவிடும். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும் என்றார் ராஜாங்கம். நனைத்துக் கொண்டுபோய் வைப்பதற்குள் தண்ணீர் ஆவியாகிவிட்டது. பள்ளங்களை அடைக்கப் பட்டி பூசினேன். கலந்து முடிப்பதற்குள் டப்பாவிலேயே அது கல்லாகி, கரண்டியும் சேர்ந்து கல்லானது. (அது சாம்பார்க் கரண்டி. இன்றுவரை அந்தக் கணக்கு முடியவில்லை.) பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஜன்னல் திரையை விலக்கி வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரை எடுத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மாலை வந்து பார்த்த ராஜாங்கம், "சார், அளக்கறத நிறுத்திட்டுத் தேய்ங்க" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை பானெட்டுக்கு அடியில் இறங்கினேன். டீசலும் பிரஷ்ஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் கரைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயை மாட்டி முழு வேகத்தில் தண்ணீரை அடித்தேன். எதையும் மூடவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது மாதிரி காது, மூக்கு, ஓட்டை என்று தேடித் தேடி அடித்தேன். இன்ஜின் பளபளவென்று ஆனது. அப்புறம் சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. நான்கு நாள் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வீட்டுக்குள் நாங்கள் விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ராஜாங்கம் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு இடத்தைக் காட்டினார். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் ஒரு வரி எழுத்து குத்தியிருந்தது. சேசிஸ் நம்பர், பதினேழு எழுத்து. "சார், இத மட்டும் தேய்ச்சிராதீங்க. வண்டியோட உசுரே இதான். டேப் ஒட்டி மறைச்சிட்டு மத்த இடத்துல வேலயப் பாருங்க" என்றார். இதை எனக்குச் சொல்ல வேண்டுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நம்பரின் மகிமை எனக்குத் தெரியாதா? அதுதானே என் உத்தியோகம்?

அடுத்த ஐந்தாறு நாளில் வீட்டில் நிம்மதி போய்விட்டது. கார் கிளம்பவில்லை, ஒரு கதவு மூடவில்லை, பள்ளி திறக்க இரண்டரை வாரம்தான் இருந்தது. சுமதி ஒரு புடவையை எடுத்து அயர்ன் செய்து மாட்டி வைத்திருந்தாள். அதன் முன்னால் போக நேர்ந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். வியாழக்கிழமை சாப்பாட்டின்போது எதற்கோ பேச்சு வந்து, ஏன் இந்தக் காரில் தொட்டதெல்லாம் இப்படி ஆகிறது என்று நான் புலம்பினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "ஆரம்பிக்கும்போது பிள்ளையார் சுழி போட்டீங்களா?"

அது கிண்டல். சுத்தமான, கலப்படமில்லாத கிண்டல். என்னைத் தவிர உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் அது புரிந்திருக்கும். நான் கையைக் கழுவிவிட்டு வந்து யோசித்தேன். உண்மைதானே? மளிகைச் சீட்டிலிருந்து லீவ் லெட்டர் வரைக்கும் உச்சியில் ஒரு 'உ' போடாமல் நான் எதையாவது எழுதியிருக்கிறேனா? பரீட்சையில் ஒரு கேள்விக்கும் பதில் தெரியாத அன்றுகூட அதைத் தவறாமல் போட்டவன் நான். இவ்வளவு பெரிய வேலையை அது இல்லாமல் தொடங்கினால் பின்னே என்ன ஆகும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை ராஜாங்கத்துக்குக் கராஜில் டூட்டி, வரவில்லை. நான் தனியாகப் பானெட்டைத் திறந்தேன். பிள்ளையார் சுழியை எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. பெயின்ட்டில் எழுதினால் அடுத்த கோட்டில் மறைந்துவிடும். காருக்கு உச்சி எது? கூரையா, பானெட்டா? யோசித்துக்கொண்டே சேசிஸ் நம்பர் மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தேன். சுத்தமான இரும்பு. நேர்க்கோட்டில் ஒரே ஒரு வரி எழுத்து. வரிக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம்.

எனக்கு அதற்கு மேல் யோசனை தேவைப்படவில்லை. காரில் எழுத்து என்று இருப்பதே அந்த ஒரு வரிதான். வரி தொடங்கும் இடத்தில்தானே சுழி போட வேண்டும்? பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த, இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்தேன். இதில் என் தொழில் நேர்த்தியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மற்ற எழுத்துகளின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். எழுத்துக்கு எழுத்து இடைவெளியை அளந்தேன். அதே உயரத்தில், அதே இடைவெளி விட்டு, அதே ஆழத்தில், புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு 'உ' செதுக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் ஜப்பான்காரனே ஃபாக்டரியில் போட்டுக் கொடுத்தது மாதிரி இருந்தது.

கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினேன். கார் கிளம்பியது. (நான்கு நாள் விசிறி சுற்றியதில் காய்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.) அன்று அடித்த பெயின்ட்டும் அழகாக அமைந்தது. துரு இருந்த இடம் தெரியவில்லை. நம்பர் வரியின் மேல் மட்டும் நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாகப் பூசி, என் சுழியும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தத் தெம்பில் நான்காவது வெள்ளிக்கிழமை வெளிப்புறத்துக்கு நிறம் அடித்தேன். கடைசி கோட்டை அடித்து முடித்து ஸ்பிரே துப்பாக்கியைக் கீழே வைத்த நேரத்தில் வடமேற்கே வானம் காவி நிறமானது. மணல் காற்று. ஓடிப்போய்ப் படுக்கை விரிப்புகளை எடுத்து வந்து காரைப் போர்த்தினேன். ஈரப் பெயின்ட் மேல் விரிப்பைப் போர்த்தினால் என்ன ஆகும் என்பதைப் பெயின்ட் இன்ஸ்பெக்டராகிய நான் அன்றுதான் கற்றுக்கொண்டேன். காற்று அடங்கிய பிறகு பார்த்தால் கூரையில் நல்ல சொரசொரப்பான பாலைவனம். பக்கவாட்டில் விரிப்பில் இருந்த ரோஜாப்பூ டிசைன் அப்படியே பதிந்திருந்தது. சுமதி வெளியே வந்து ஒரு நிமிடம் பார்த்தாள். "ஓடுமில்ல?" என்றாள். ஓடும் என்றேன். "அது போதும்" என்று உள்ளே போய்விட்டாள். ராஜாங்கம் வந்து இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்து, ரோஜாவைப் பாதி அழித்துக் கொடுத்தார். மீட்டரை நான் வெளியே எடுக்கவே இல்லை.

பள்ளி திறக்கும் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமை, அரை நாள் லீவ் போட்டுப் பாசிங்குக்குப் போனோம். சுமதிதான் ஓட்டினாள். வழியில் ஏதாவது கழன்று விழுந்தால் எடுத்துக்கொள்ள ராஜாங்கம் கராஜ் பிக்கப்பில் பின்னாலேயே வந்தார்.

அதே சசி. காரைப் பார்த்ததும் ரோஜாவில் ஒரு கணம் கண் நின்றது. பிரேக் சரி, விளக்கு சரி, பானெட்டைத் திறந்தார், முகம் மலர்ந்தது. "கொள்ளாம்" என்று பாராட்டினார். என் நான்கு வாரப் பாடும் அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது. அப்புறம் டார்ச்சை அடித்து, முல்கியாவைக் கையில் வைத்துக்கொண்டு சேசிஸ் நம்பரை எழுத்து எழுத்தாகப் படித்தார். மறுபடி படித்தார். கட்டைவிரலால் தடவினார். விரல் விட்டு எண்ணினார். பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு இருந்தது.

அந்த நொடியில்தான் எனக்கு என் உத்தியோகம் ஞாபகம் வந்தது.

ஐந்தே நிமிடத்தில் சாவி எங்கள் கையிலிருந்து போய்விட்டது. சேசிஸ் நம்பரில் கை வைப்பது திருட்டு வண்டிக்காரர்கள் செய்கிற காரியம். எங்களை ஒரு குளிரூட்டிய அறைக்குக் கூட்டிப் போனார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இளம் போலீஸ் அதிகாரி, உள்ளூர்க்காரர். சசி காகிதத்தில் நம்பரை எழுதிக் காட்டி, அரபியும் இங்கிலீஷும் கலந்து விவரம் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்து, நண்பா, இது என்ன என்று இந்தியில் கேட்டார், "சதீக், ஏ க்யா ஹை?"

அமைதியாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். நான் பதறிப்போய், "சார், ஏ பகவான் ஹை" என்றேன்.

அதிகாரி காகிதத்தைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான் என்றேன். எதற்கு என்றார். காரியம் தடையில்லாமல் நடக்க என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். தடையில்லாமல் நடக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. பிறகு சசியின் பக்கம் திரும்பி, நீ ஹிந்துதானே, இது உங்கள் சாமியா என்று கேட்டார்.

சசி நல்ல மனிதர். பொய் சொல்லாதவர். மறுபடியும் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல சார். ஞங்ஙள்க்கு இங்ஙனெ ஒண்ணு இல்ல" என்றார். அப்புறம் அதையே அரபியிலும் சொன்னார்.

அவர் மேல் குற்றமில்லை. அவர்கள் ஊரில் எழுத்துக்கு முன்னால் போடுவது வேறு. நாம் போடும் இந்தச் சுழி, வாளையாற்றில் கேரள எல்லையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அதிகாரி கைகளை விரித்தார். ஒரு ஹிந்துவே இல்லை என்கிறார், நான் என்ன செய்ய? வண்டி இங்கே நிற்கும், நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார். சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டினார்.

நான் சுமதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை, அயர்ன் செய்த புடவை, ஆறு தடவை விழுந்து எழுந்து வாங்கிய லைசென்ஸ், எல்லாவற்றையும் ஒரு சென்டர் பஞ்ச்சால் குத்தி முடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் அழுதும்விட்டேன்.

சுமதி அழவில்லை. கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்த வார மளிகைச் சீட்டு, டெலிபோன் டைரி, ஊருக்கு எழுதிப் பாதியில் நிற்கும் ஒரு கடிதம், எல்லாவற்றையும் எடுத்து மேசை மேல் வரிசையாகப் பரப்பினாள். எல்லாவற்றின் உச்சியிலும் 'உ'. இது நாங்கள் தமிழர்கள் எழுதத் தொடங்கும்போது போடுவது, கேரளாக்காரருக்குத் தெரியாது என்று நல்ல இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள். வகுப்பில் முக்கோணம் விளக்குகிற குரல். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீங்கள் கணவன் மனைவி, எல்லாவற்றையும் இதற்காகவே எழுதிக்கூட வைத்திருக்கலாம் அல்லவா என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது.

"சரி சார்," என்றாள் சுமதி. "வெளியே பிக்கப்பில் ஒரு தமிழர் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நாங்கள் அவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டோம். கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, வீட்டுக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்கள்."

அதிகாரிக்கு இது பிடித்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களைச் சுவரோரம் நிற்க வைத்தார். ஒரு போலீஸ்காரர் போய் ராஜாங்கத்தை அழைத்து வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். தாளையும் பேனாவையும் அவர் முன் தள்ளி, அம்மாவுக்கு லெட்டர் எழுது என்று அதிகாரி இந்தியில் சொன்னார். "அபி?" என்று கேட்டார் ராஜாங்கம். ஆமாம், இப்போதே, யல்லா.

ராஜாங்கம் உட்கார்ந்தார். கையைச் சட்டையில் துடைத்தார். பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். தாளை நேராக வைத்தார். அப்புறம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தேகங்களைச் சொல்லி மாளாது. இவர் இந்தப் பழக்கத்தை விட்டிருந்தால்? நேராக 'அன்புள்ள' என்று ஆரம்பித்துவிட்டால்? பள்ளிக்கூட நாளிலிருந்து கூடப் பழகிய பிள்ளையாரை இப்படி ஒரு பெயின்டரின் கைக்குள் தேடுவேன் என்று நினைத்ததே இல்லை.

பேனா தாளின் உச்சிக்குப் போனது. நடு மத்தியில், நிறுத்தி நிதானமாக, ஒரு 'உ'. அடியில் இரண்டு கோடு வேறு.

அதிகாரி எழுந்தே விட்டார். சசி மேசை மேல் குனிந்து பார்த்து, "அய்யோ, சத்யமாணல்லோ" என்றார். ராஜாங்கம் யாரையும் பார்க்காமல் கடகடவென்று எழுதிக்கொண்டே போனார். அவர் முடித்ததும் அதிகாரி தாளை எடுத்துச் சுமதியிடம் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் ஒரு தடவை மனதுக்குள் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள். லெட்டரில் இருந்தது இதுதான்:

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். இப்ப போலீஸ்ல இருக்கேன். எதுக்குன்னு தெரியல. குழாய்ப் பட்டறை இன்ஸ்பெக்டர் சார் கார்ல பெயின்ட் சரியா வரல, அதுக்காகத்தான் பிடிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன். நான் அடிக்கல, அவர்தான் அடிச்சார்."

அதிகாரி சிரித்து முடிக்க நேரமானது. பிறகு சாவிக் கவரைக் கிழித்தார். அந்தச் சுழியை அழிக்கட்டுமா என்று நான் கேட்டேன். மறுபடியும் அந்த நம்பர் பக்கம் கை போனால் உள்ளே வைத்துவிடுவேன் என்றார். அது அங்கேயே இருக்கட்டும், நான் கோப்பில் எழுதிவிடுகிறேன் என்று அரபியில் ஒரு கடிதம் அடித்து, முத்திரை குத்தி, சுமதியின் கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. கதவருகே போகும்போது என்னைக் கூப்பிட்டு, "சதீக், பகவான் டீக் ஹை. பெயின்ட் டீக் நஹி" என்றார், சாமி சரி, பெயின்ட் சரியில்லை என்று. பாசிங் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சசியும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு சுமதி கிளம்பினாள். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நான் கேட் அருகில் நின்று பார்த்தேன். பாதி ரோஜாவோடு கார் திரும்பித் தெருவில் போயிற்று. அவள் அந்தப் பள்ளியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துத் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள்.

காரை நான்கைந்து வருடம் கழித்து ஒரு பெஷாவர்க்காரருக்கு விற்றோம். அதிகாரி கொடுத்த அந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான். கார் கடைசி மூச்சு விடும்வரை வருடத்துக்கு ஒரு முறை பாசிங் நிலையத்திலிருந்து அவர் எனக்குப் போன் செய்வார். "பாய், புது அதிகாரி வந்திருக்கிறார். உங்கள் கணேஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்." நானும் சொல்வேன்.

வீட்டில் அன்றிலிருந்து ஒரு சட்டம் உண்டு. எந்த அரசாங்கத் தாள் என் முன்னால் வந்தாலும் யாராவது ஒருவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது ஐந்து வயதாக இருந்த எங்கள் மகள் இந்தச் சட்டத்தில்தான் வளர்ந்தாள். சென்ற வருடம் அவள் கல்யாணத்தைப் பதிவு செய்யத் திருச்சியில் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேனாவை எடுத்தேன். மணப்பெண் சட்டென்று குனிந்து என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பெண்ணைப் பிரிகிற துக்கத்தில் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்த பதிவாளர் உருகிப்போய், "அழாதீங்க சார், பொண்ணு உள்ளூர்லதானே இருக்கப்போகுது" என்றார்.

"அதுக்கில்ல சார்," என்றாள் சுமதி. "அவர் பதினெட்டாவது எழுத்த எழுதிடுவார்."